இரண்டு வைஃபை உள்ள அலுவலகம்

மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம். முதல் மாடி, மூன்று அறைகள், எட்டுப் பேர். நான் போனது ஒரு 20ஆம் தேதி, மாலை நான்கு மணி. ஜிஎஸ்டிக்கான மாதக் கணக்கு, ஜிஎஸ்டிஆர்-3பி படிவம், தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பதால் யாரும் தலை நிமிரவில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண், மடிக்கணினித் திரையின் கீழ் மூலையில் வைஃபை பட்டியலைத் திறந்து ஒரு பெயரைத் தொட்டார். டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏதோ தொகையைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டார். மறுபடி பட்டியலைத் திறந்து வேறொரு பெயரைத் தொட்டார். ஜிஎஸ்டி தளம் திறந்தது. தாளைப் பார்த்துத் தொகையைத் தட்டினார். பிறகு அச்செடுக்க வேண்டியிருந்தது. திரும்பவும் முதல் பெயர்.

“ஏன் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“இதில் டாலியும் பிரின்டரும் வரும், நெட் வராது. அதில் நெட் வரும், டாலி வராது. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கிற மாதிரி செய்ய முடியாதா, அண்ணா?”

முடியும். ஆனால் அதை அவருடைய மடிக்கணினியில் செய்யக் கூடாது, அலுவலகத்துக்குப் பொதுவான ஓர் இடத்தில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் சொல்லக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

அந்த அலுவலகத்தில் முதலில் ஒரே ஒரு ஃபைபர் இணைப்புதான் இருந்தது. தாக்கலுக்கான கடைசி நாட்களில் அது காலை வாரிவிடும். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்குவது தனி. இரண்டு மூன்று முறை பட்ட பிறகு, உரிமையாளர் வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பு வாங்கினார். வந்த ஊழியர் சுவரில் பெட்டியை மாட்டினார், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினார், போய்விட்டார். ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன உறவு என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சிறிய அலுவலகங்களில் இரண்டாவது வைஃபை பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. சில இடங்களில் கேமரா மாட்ட வந்தவர் தனியாக ஒரு ரவுட்டரை வைத்துவிட்டுப் போகிறார். சில இடங்களில் கட்டட உரிமையாளர் எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒன்று கொடுக்கிறார். நெட் போன நாளில் முதலாளியின் செல்பேசி ஹாட்ஸ்பாட்டே இரண்டாவது நெட்வொர்க் ஆகிவிடுகிறது.

வைஃபை என்றால் இணையம் என்றே நாம் பழகிவிட்டோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஒவ்வொரு ரவுட்டரும் முதலில் ஒரு தெருவை உண்டாக்குகிறது. அதில் சேர்ந்த கணினிகள், செல்பேசிகள், பிரின்டர் எல்லாம் அந்தத் தெருவில் இருக்கும் வீடுகள். இணையம் என்பது அந்தத் தெருவிலிருந்து ஊருக்கு வெளியே போகும் வாசல். வாசல் அடைத்துக் கிடந்தாலும் தெரு இருக்கும். அந்த அலுவலகத்தில் டாலித் தரவு இருக்கும் கணினியும் பிரின்டரும் பழைய தெருவில் இருந்தன, நல்ல வாசல் புதிய தெருவில் இருந்தது. எட்டுப் பேரும் நாள் முழுவதும் இரண்டு தெருவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு தெருவிலும் நிற்க என்ன வழி? சாதாரண மடிக்கணினியில் இருப்பது ஒரே வைஃபை அட்டை. அது ஒரு நேரத்தில் ஒரு பெயரோடுதான் சேரும். யுஎஸ்பியில் செருகும் இரண்டாவது வைஃபை அட்டை ஒன்றை வாங்கலாம். அல்லது லேன் ஒயரை ஒரு ரவுட்டரிலும் வைஃபையை இன்னொன்றிலும் சேர்க்கலாம். கணினி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கணினி வழியைத் தேர்ந்தெடுக்கும் விதம்

நம் தெருவிலேயே கொடுக்க வேண்டிய கடிதத்தை நாமே நடந்து போய்க் கொடுத்துவிடுவோம். வெளியூர்க் கடிதம் என்றால் தபால் நிலையத்தில் போடுவோம். கணினியும் அப்படித்தான். அதனிடம் ஒரு வழிப்பட்டியல் இருக்கிறது. 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் லேன் ஒயர் பக்கம், 192.168.10 என்று தொடங்குபவை எல்லாம் வைஃபை பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். கடைசியில் “மற்றவை எல்லாம்” என்று ஒரு வரி. இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கும் தளம், வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அந்த வரிக்கு நேரே இருக்கும் முகவரிதான் கேட்வே. அதாவது தபால் நிலையம்.

இரண்டு நெட்வொர்க்கில் சேர்ந்த கணினிக்கு இரண்டு தபால் நிலையங்கள் கிடைக்கின்றன. விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் மெட்ரிக் என்று ஓர் எண்ணைக் கொடுத்து, எண் சிறியதாக இருக்கும் வழியையே எடுக்கும். லேன் ஒயருக்கு வழக்கமாகச் சிறிய எண் விழும். ஆகவே வைஃபை குறி பளிச்சென்று தெரிந்தாலும் வெளியே போகும் அத்தனையும் ஒயர் வழியே போகும். இரண்டின் வேகமும் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்றால் கூட்டி 200 கிடைக்காது. ஒன்று உழைக்கும், மற்றது சும்மா இருக்கும்.

ஒயர் பக்கத்து இணைப்பு கம்பத்தில் எங்கோ அறுந்துபோனால் இன்னும் மோசம். ரவுட்டர் உயிரோடுதான் இருக்கிறது, ஒயரும் செருகியிருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை தபால் நிலையம் திறந்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லை என்பது அதற்கு உறைப்பதில்லை. பக்கத்தில் நல்ல வழி ஒன்று இருந்தும், கடிதங்களை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. டாலித் தெருவுக்குப் போகும் லேன் அட்டைக்கு முகவரியை நாமே கையால் கொடுப்பது. 192.168.1.50 என்று முகவரி, 255.255.255.0 என்று மாஸ்க் (தெருவின் எல்லையைச் சொல்லும் எண்), கேட்வே என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவது. ஒயர் பக்கம் தபால் நிலையம் என்று ஒன்றே இல்லை என்றாகிவிட்டால், “மற்றவை எல்லாம்” என்ற வரிக்கு வைஃபை மட்டுமே சொந்தக்காரர். டாலி ஒயரில், இணையம் வைஃபையில். அந்தப் பெண் கேட்டது அப்படியே கிடைத்துவிடும்.

ஒன்றிரண்டு கணினிகளுக்கு அவசரத்துக்கு நானும் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்வே இல்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று குறித்து, பொது இடமாக நினைத்து, தடுப்புச் சுவரை (ஃபயர்வால்) இறுக்கிவிடும். டாலித் தரவு இருக்கும் கணினியிலேயே இந்த வைத்தியத்தைச் செய்தால், மற்ற ஏழு பேருக்கும் பகிர்ந்த கோப்புறை திறக்காமல் போகும். காரணம் தெரியாமல் அரை நாள் போய்விடும். தவிர, எட்டுக் கணினிகளில் எட்டு முறை இதைச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும், கொடுத்ததை எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேரும் ஒருவரின் கணினிக்கு யார் செய்வார்கள்?

இரண்டும் 192.168.1.1 என்றால்

அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஒருவர் லேன் ஒயரையும் வைஃபையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை என்று கழற்றிவிட்டார். காரணம் எளியது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளும் தங்கள் தெருவுக்கு ஒரே பெயரை வைத்திருந்தன. இரண்டின் முகவரியும் 192.168.1.1.

நாம் இன்றும் அதிகம் பயன்படுத்தும் ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகத்துக்கு அது போதாது. அதனால் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளச் சில எண் தொகுதிகளை ஒதுக்கி வைத்தார்கள். 1996இல் இறுதி வடிவம் பெற்ற ஏற்பாடு அது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்றும் அப்படி வந்தவை. 192.168இல் மட்டும் 0 முதல் 255 வரை 256 தெருக்களுக்கு இடம் இருக்கிறது. ரவுட்டர் செய்பவர்களோ பெரும்பாலும் 0 அல்லது 1 என்ற இரண்டு தெருக்களோடு நின்றுவிட்டார்கள். ஜியோ ஃபைபர் பெட்டி 192.168.29.1 என்று வருவது போன்ற விலகல்கள் உண்டு. ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று தொடங்கும். இப்படி வேறு எண் வந்தால் அது நம் நல்ல காலம்.

இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் என்றால் கணினி என்ன செய்யும்? 192.168.1.20 என்ற பிரின்டரைத் தேடச் சொன்னால், இரண்டு பக்கமும் அதே தெருதான் என்று வழிப்பட்டியல் சொல்லும். மெட்ரிக் சிறியதாக இருக்கும் பக்கம் போகும். பிரின்டர் மறுபக்கம் இருந்தால் கிடைக்காது. அங்கே நான் கண்ணால் பார்த்தது இது: பழைய ரவுட்டரில் பிரின்டருக்கு 20 என்ற எண். புதிய ரவுட்டர் அதே 20ஐ அலுவலக உதவியாளரின் செல்பேசிக்குக் கொடுத்திருந்தது. புதிய வைஃபையில் இருந்தபடி அச்சுக்கு அனுப்பிய ரசீது, பிரின்டர் என்று நினைத்து அவர் சட்டைப்பையில் இருந்த செல்பேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திரையில் பிரின்டர் ஆஃப்லைன் என்று வந்தது. பிரின்டர் பழுது என்று முடிவு செய்து, பழுது பார்க்க ஆளை இரண்டு முறை கூப்பிட்டுப் பணமும் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு ரவுட்டர் இருக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஒரு பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை அதோடு ஒழியும். ஐந்து நிமிட வேலை. பிரின்டரும் டாலியும் இல்லாத பெட்டியைத் தேர்ந்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் எண்களையும் மாற்ற நேரும்.

காற்றில் நடப்பது

சுவரில் அந்த இரண்டு பெட்டிகளும் ஒரு சாண் இடைவெளியில், ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டப்பட்டிருந்தன. பார்க்க நன்றாக இருந்தது. வைஃபைக்கு அது நல்லதில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி வகுத்தது. அதனால்தான் இன்று யாரும் யாரையும் கேட்காமல் ரவுட்டர் வைக்க முடிகிறது. அதனால்தான் அந்த அலைவரிசை சந்தைக்கடையாகவும் இருக்கிறது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அந்தக் குறுகலான இடத்தில் 13 சேனல்கள். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம், ஆனால் ஒரு வைஃபை பேசுவதற்குக் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான்.

வைஃபையிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். இரண்டு ரவுட்டர்களும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும், முறை வைத்துப் பேசிக்கொள்ளும். வேகம் பங்காகிப் போகும், ஒழுங்கு இருக்கும். ஒன்று 1இலும் மற்றது 3இலும் இருந்தால் நிலைமை வேறு. ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவர் சொன்னதும் சிதைந்து, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது என்று நினைத்து 1க்குப் பக்கத்தில் 3ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் நிலைமையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தள்ளுவதென்றால் 6க்கோ 11க்கோ தள்ள வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு வைஃபை பெயரும் “நான் இங்கே இருக்கிறேன்” என்று நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். அதுவும் எல்லாப் பழைய கருவிகளுக்கும் கேட்க வேண்டும் என்று மிக மெதுவான வேகத்தில். பெயரை மறைத்து வைத்தாலும் அந்த அறிவிப்பு நிற்பதில்லை. ஆளுக்கொரு வைஃபை பெயர் என்று வைத்துக்கொண்டே போனால், யாரும் எதுவும் செய்யாத நேரத்திலும் காற்றில் இடம் குறைந்துகொண்டே போகும்.

5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விசாலமானது. 2018 அக்டோபரில் அங்கே 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் வழி திறந்தது. செங்கல் சுவரைத் தாண்டினால் சிக்னல் சீக்கிரம் தேயும், ஆனால் மூன்று அறை அலுவலகத்துக்கு அது தாராளம். மடிக்கணினிகளை அங்கே அனுப்பிவிட்டு, 2.4 மட்டுமே தெரிந்த பிரின்டரையும் பழைய செல்பேசிகளையும் இங்கே விட்டுவிடலாம்.

வைஃபை 7 ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் பேசும் என்பதை வைத்து, இரண்டு இணைப்பையும் அது சேர்த்துவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். சேர்க்காது. அது ஒரே ரவுட்டரோடு இரண்டு அலைவரிசையில் பேசுவது. இரண்டு நிறுவனங்களின் இணைப்பு அப்போதும் இரண்டாகவே இருக்கும்.

சுவரா, மாற்று வழியா?

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தின் குணம். மனிதர்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு நெட்வொர்க் எதற்கு வேண்டும்? நான் பார்த்த அலுவலகங்களில் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, வெளியாட்களும் அவர்கள் செல்பேசிகளும் நம் கணக்குகள் இருக்கும் கணினிகளைத் தொடக் கூடாது. மற்றது, ஒரு இணைப்பு போனால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும். முதலாவதற்குச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டாவதற்குக் கதவு வைக்க வேண்டும். எது வேண்டும் என்று சொல்லாமல் இரண்டு பெட்டிகளை மட்டும் வாங்கி வைத்தால், சுவர் வேண்டிய இடத்தில் கதவும் கதவு வேண்டிய இடத்தில் சுவருமாக அமைந்துவிடுகிறது.

சுவர் ஏன் வேண்டும் என்பதற்கு 2017 மே 12 நல்ல சாட்சி. அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற தீநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையைப் பிடித்து, யாரும் எதையும் சொடுக்காமலே ஒரே நெட்வொர்க்கில் இருந்த அடுத்த கணினிக்கும் அதற்கடுத்ததற்கும் தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் டாலித் தரவு இருப்பதும் அதே மாதிரியான பகிர்ந்த கோப்புறையில்தான். நூறு வியாபாரிகளின் கணக்கு அதில் இருக்கிறது. வரவேற்பறையில் காத்திருக்கும் வாடிக்கையாளரின் மடிக்கணினி அந்தத் தெருவுக்குள் கால் வைக்கவே கூடாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். விருந்தினர் வைஃபை தனி, அலுவலக வைஃபை தனி என்று சுவர் கட்டிவிட்டு, ஒரே ஒரு மடிக்கணினியை ஒரே நேரத்தில் இரண்டிலும் சேர்த்தால், சுவரில் அந்தக் கணினி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. விருந்தினர் பக்கத்திலிருந்து அதற்குள் நுழையும் எதுவும் அலுவலகப் பக்கமாக வெளியே வர முடியும். மடிக்கணினியில் இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம்.

சுவர் கட்டும்போது இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. விருந்தினர்களுக்கென்று புதிய ரவுட்டர் ஒன்று வாங்கி, அலுவலக ரவுட்டரின் லேன் துளையிலிருந்து ஒயர் இழுத்து அதற்குக் கொடுக்கிறார்கள். எண் வேறு, பெயர் வேறு, பாஸ்வேர்ட் வேறு, பிரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தலைகீழாக நடந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ரவுட்டருக்கு அலுவலகத் தெருதான் வெளியுலகம். விருந்தினர்கள் இணையத்துக்குப் போகும் வழியே அலுவலகத் தெரு வழியாகத்தான். வழியில் இருக்கும் பிரின்டரையும் டாலிக் கணினியையும் அவர்களால் தொட முடியும். அலுவலகத்தில் இருப்பவர்களால்தான் விருந்தினர் பக்கம் போக முடியாது. வீட்டுக்குள்ளே வெளியாட்களுக்கு ஓர் அறையைக் கொடுத்து, அறைக்கதவுக்கு அவர்கள் பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதை. ரவுட்டரிலேயே இருக்கும் விருந்தினர் நெட்வொர்க் வசதியை இயக்கினால் இந்தத் தொல்லை இல்லை. அது இணையத்தை மட்டும் கொடுத்து உள்தெருவை மறைத்துவிடும். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அடுத்தது மாற்று வழி. மதுரை அலுவலகத்துக்கு முதன்மையாக வேண்டியது இதுதான். இதற்கென்றே இரண்டு இணைப்புகளை வாங்கிக்கொள்ளும் ரவுட்டர்கள் கிடைக்கின்றன, டூயல் வேன் (Dual WAN) என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளிலிருந்தும் ஒயர் வந்து இதில் சேரும். அலுவலகம் முழுவதும் இதன் பின்னால் ஒரே தெருவில் இருக்கும். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை எட்டுக் கணினிகளிடமிருந்து இந்த ஒரு பெட்டிக்குப் போய்விடுகிறது.

இதை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று போனால் மற்றது என்று வரிசையில் வைக்கலாம், அல்லது இரண்டிலும் பங்கு போட்டு அனுப்பச் சொல்லலாம். பங்கு போடுவதுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ரவுட்டர் பங்கு போடுவது ஒவ்வொரு தொடர்பாகத்தான். ஒரு பெரிய கோப்பு இறங்குவது ஒரே தொடர்பு என்றால் அது ஒரே வழியில்தான் வரும், வேகம் கூடாது. எட்டுப் பேர் எட்டு வேலை செய்யும்போதுதான் பங்கீட்டின் பலன் தெரியும். வங்கித் தளங்களோடு வேறொரு சிக்கல். உள்நுழைந்தது ஒரு முகவரியிலிருந்து, அடுத்த சொடுக்கு வேறொரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து என்று வந்தால், பாதுகாப்பு கருதி வெளியே தள்ளிவிடும் தளங்கள் உண்டு. பணம் அனுப்பும் நடுவில் இது நடந்தால் பணம் போனதா இல்லையா என்ற பதற்றம் யாருக்கும் வேண்டாம். ஒரு கணினியிலிருந்து போவது எப்போதும் ஒரே வழியில் போகட்டும் என்று ரவுட்டரில் ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிட வேண்டும். வரித் தாக்கல் செய்யும் அலுவலகத்தில் நான் பங்கீட்டையே தவிர்த்து, வரிசை முறையைத்தான் வைக்கிறேன்.

வரிசை முறையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பு போய்விட்டது என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? ஒயர் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அதுவும் அந்த மடிக்கணினி மாதிரியே ஏமாறும். நிறுவனத்தின் பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும், நெட் இருக்காது. 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறு என்று சொல்லி வைக்க வேண்டும்.

அந்த வார இறுதியில் அலுவலகத்தில் செய்தது இவ்வளவுதான். உள்தெரு 192.168.1 என்றே இருக்கட்டும், டாலியையும் பிரின்டரையும் தொட வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, நிறுவனங்களின் பெட்டிகளை 192.168.10.1 என்றும் 192.168.20.1 என்றும் மாற்றினேன். மூன்றும் வேறு வேறாக இல்லாவிட்டால் பழைய பெயர்க் குழப்பம் புதிய ரவுட்டருக்குள்ளேயே வந்துவிடும். இரண்டு பெட்டிகளிலும் வைஃபையை அணைத்தேன். புதிய ரவுட்டரில் அலுவலகத்துக்கு ஒரு பெயர், வாடிக்கையாளர்களுக்கு ஒரு பெயர், வேறு எதுவும் இல்லை. பழைய இணைப்பின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் திரையில் ஜிஎஸ்டி தளம் ஏறக்குறைய இருபது நொடி நின்றது, பிறகு வந்தது. டாலி திறந்தபடியே இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் தாள் இரண்டையும் அவரே கிழித்தார்.

செல்பேசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை எப்போதும் இரண்டு கம்பியில்லா நெட்வொர்க்கில் இருப்பவைதான், வைஃபையும் சிம்மும். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் பல செல்பேசிகள் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும். அதனால்தான் நெட் இல்லாத நேரத்தில் செல்பேசியிலிருந்து பிரின்டர் கிடைப்பதில்லை. சிறிது நேரம் மொபைல் டேட்டாவை அணைத்தால் கிடைத்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். நெட் இரண்டுமே இல்லை என்றார்கள். போய்ப் பார்த்தால், தெருமுனையில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் மின்கம்பத்தோரம் தொங்கிய கேபிள்களை மொத்தமாக இழுத்து அறுத்திருந்தது. இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே கம்பத்தில்தான் கட்டப்பட்டிருந்தன. நிறுவனம் வேறாக இருந்து பயனில்லை, வரும் வழியும் வேறாக இருக்க வேண்டும். இணைப்பு வாங்கும் முன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் 4ஜி சிம் போட்ட டாங்கிள் ஒன்றைச் செருகி, மூன்றாவது வழியாக வைத்தோம். ரவுட்டரையும் இரண்டு பெட்டிகளையும் இன்வெர்ட்டர் பக்கத்து பிளக்குக்கு மாற்றினோம். அதுவரை அவை மின்வெட்டில் அணையும் வரிசையில்தான் இருந்திருக்கின்றன.